இடைக்காலக் கிறித்தவப் பக்திக் கலையில் கண், கை, உடல்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 90 செ.மீ. உயரமுள்ள 14ஆம் நூற்றாண்டு மரச் சிலை ஒன்று இருக்கிறது. ரோட்கன் பியெத்தா என்று அதற்குப் பெயர். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாவின் முகத்தில் சாந்தம் துளியும் இல்லை. நடந்தது இன்னும் பிடிபடாத ஒரு திகைப்புதான் இருக்கிறது. மகனின் தலை பின்னுக்கு மடங்கித் தொங்குகிறது, விலா எலும்புகளை எண்ணிவிடலாம், காயங்களிலிருந்து வழியும் குருதி திராட்சைக் கொத்தைப் போலத் திரண்டு மரத்துக்கு வெளியே புடைத்து நிற்கிறது. இதன் படத்தைக் காட்டி, இருண்ட காலத்தின் குரூர ரசனைக்கு இதுவே சான்று என்று எழுதிவிடுவது மிக எளிது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

உடலை வெறுத்தவர்கள் செய்த சிலையாக இதைப் படிப்பதுதான் முதல் தவறு. கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்றால் அவருக்குத் தோலும் எலும்பும் நரம்பும் வலியும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து மேற்கு ஐரோப்பிய மடங்களில் வலுப்பெற்றது. சதை எவ்வளவு சதையாகத் தெரிகிறதோ, கடவுள் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார் என்பதே அவர்கள் கணக்கு. நம் கத்தோலிக்கக் கோயில்களில் வியாகுல மாதாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு: மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கிய காட்சி நான்கு நற்செய்திகளிலும் இல்லை. சிலுவையிலிருந்து இறக்கியதற்கும் கல்லறையில் வைத்ததற்கும் இடையில், ஒருவர் தனியாக அமர்ந்து மன்றாடுவதற்கென்று பிரித்தெடுக்கப்பட்ட ஒரு கணம் அது. புனித வெள்ளியின் மாலை மன்றாட்டு நேரத்தை வைத்து ஜெர்மானியர் இவ்வகைச் சிலையை ‘மாலைமன்றாட்டுப் படிமம்’ என்ற பொருள்தரும் பெயரால் அழைக்கிறார்கள்.

‘இடைக்காலம்’ என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு நூற்றாண்டுகளைக் கட்டிவிடுவதும் வழக்கமான தவறுதான். கொலோன் நகரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவை 970ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. ஓக் மரத்தில் ஆளுயரத்துக்குச் செதுக்கிய கிறிஸ்து கண்மூடி, வயிறு கனத்து, இறந்து தொங்குகிறார், ஆயினும் அந்த முகத்தில் ஓர் அமைதி நிலைத்திருக்கிறது. அதே நகரின் புனித மரியா கோயில் ஒன்றில், 1304 என்று வழக்கமாகக் காலம் குறிக்கப்படும் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் சிலை), கவட்டைக் கிளை போன்ற சிலுவையில் இழுத்துக் கட்டப்பட்டு உடல் முழுவதும் புண்ணாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளும், 12ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்நார்துவின் மறையுரைகளும், 1224இல் கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தம் உடலில் ஏற்றதாகச் சொல்லப்படும் அசிசி பிரான்சிசும் இருக்கிறார்கள். பிந்தையதைக் கொண்டு முந்தையதை விளக்கப் புகுந்தால் இரண்டுமே கைநழுவிப் போகும்.

இனி வருவது படித்தவர்கள் செய்கிற தவறு. அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ‘இடைக்கால மக்களுக்குப் பார்ப்பது என்பதே தொடுவது’ என்ற வாசகம் இப்போது எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைப் போய்த் தொடுகிறது என்ற பழைய கிரேக்கக் கொள்கையை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அப்படி ஒரு கொள்கை இருந்தது உண்மை; பிளேட்டோவின் வழியாக அது நெடுங்காலம் வாழ்ந்தது. ஆனால் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூல், லத்தீனில் அல்ஹாசன் என்ற பெயரோடு, 1200ஐ ஒட்டி மொழிபெயர்க்கப்பட்ட பிறகு கற்றவர்களிடையே நிலைமை மாறியது. வலுவான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது, ஆகவே ஏதோ ஒன்று வெளியிலிருந்து கண்ணுக்குள் வந்து அதன்மேல் வேலை செய்கிறது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1260களில் ஆங்கிலத் துறவி ரோஜர் பேகன் இரு கொள்கைகளையும் இணைக்க முயன்றார்: பொருள் தன் சாயலை வழியெங்கும் பதித்தபடி கண்ணை வந்தடைகிறது, கண்ணும் தன் பங்குக்கு ஒன்றை வெளியே அனுப்புகிறது என்றார். இதன்படி சிலுவையைப் பார்ப்பவர் அதைத் தொடுகிறார் என்பதைவிட, சிலுவை பார்ப்பவர்மேல் பதிகிறது என்பதே பொருத்தம். மெழுகில் முத்திரை பதிவதை அக்காலத்தவர் அடிக்கடி உவமையாகச் சொன்னதும் இதனோடு நன்றாக இசைகிறது. மேலும், பேகனின் ஒளியியலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சிலர். முழந்தாளிட்டு மன்றாடிய கிராமத்துப் பெண் தன் பார்வையைப் பற்றி என்ன கொள்கை வைத்திருந்தாள் என்பதை அந்த நூலிலிருந்து எடுத்துவிட முடியாது.

பார்வையும் தொடுகையும் ஒன்றாகவே இருந்திருந்தால், யார் எதைத் தொடலாம் என்பதில் அக்காலத் திருச்சபை அவ்வளவு கறாராக இருந்திருக்கத் தேவையில்லை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, ஆண்டுக்கு ஒருமுறையாவது, பாஸ்கா காலத்தில், நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகக் கருதப்படும் அப்பம்) வாங்க வேண்டும் என்று விசுவாசிகளுக்கு விதித்தது. பெரும்பாலோர் அதற்குமேல் வாங்கவும் இல்லை. அப்பத்தைத் தொடும் உரிமை திருநிலைப்படுத்தப்பட்ட குருவின் விரல்களுக்கே இருந்தது. மற்றவர்களுக்கு எஞ்சியது கண். எழுந்தேற்றத்தின்போது குரு அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் நிலைபெற்றுப் பரவியது. நகரங்களில் ஒரு கோயிலில் அதைக் கண்டுவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடியவர்களைப் பற்றிய புகார்கள் உண்டு. இங்கிலாந்தில் சில கோயில்களின் பீடத்தடுப்புப் பலகைகளில், முழந்தாளிட்டால் கண் வரும் உயரத்தில், சிறு துளைகள் இருப்பதை இன்றும் காணலாம். தடுப்பு உடலை நிறுத்தியது, துளை கண்ணை உள்ளே விட்டது. இதைத் ‘தரிசனம்’ என்று மொழிபெயர்க்கும் ஆசை நமக்கு எழும், சொல் வசதியானதுதான். ஆனால் தரிசனத்தில் கண் திறக்கப்பட்ட மூர்த்தியும் நம்மைப் பார்க்கிறது. உயர்த்திய அப்பத்துக்குக் கண் இல்லை. அந்த வேறுபாட்டை மறந்து ‘அங்கும் இதேதான்’ என்று எழுதிவிட்டால் இரு மரபுகளுக்குமே நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

கண்ணால் மட்டும் மக்கள் நிறைவடைந்துவிடவில்லை என்பதற்கு 13ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சமாதான முத்தப் பலகை சாட்சி. ஒருவருக்கொருவர் முத்தமிட்டுச் சமாதானம் சொல்லிக்கொண்ட பழைய வழக்கத்துக்கு மாற்றாக, சிலுவைக் காட்சியோ திருமுகமோ பொறித்த ஒரு சிறு பலகையைக் குரு முதலில் முத்தமிட, அது மக்களிடையே கைமாறி வரும். யாருக்கு முதலில் என்பதில் சண்டை வராமல் இருக்குமா? 1522இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஒரு பங்குக் கோயிலில், தன்னைவிட மற்றொருவருக்கு முதலில் கொடுக்கப்பட்ட ஆத்திரத்தில் ஜான் பிரவுன் என்பவர் அந்தப் பலகையைக் கோயில் ஊழியரின் தலையிலேயே அடித்து உடைத்தார். சமாதானத்துக்கான பலகை! திருப்பலிப் புத்தகத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு: சிலுவைக் காட்சி வரைந்த பக்கத்தைக் குரு முத்தமிட வேண்டும் என்பதால் ஓவியம் அழிந்துகொண்டே வந்தது, எனவே ஓவியர்கள் பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சிறு சிலுவையை, முத்தம் வாங்குவதற்கென்றே, வரைந்து வைத்தார்கள். சில பிரதிகளில் அது தேய்ந்து கறையாகிக் கிடக்க, மேலே உள்ள ஓவியம் புதிதுபோல் இருக்கிறது. வேறு சிலவற்றில் குரு அதைப் பொருட்படுத்தாமல் நேராகக் கிறிஸ்துவின் பாதத்துக்கே போயிருக்கிறார்.

ஆகவே, முகம் தேய்ந்த ஓவியத்தைக் கண்டவுடன் ‘சிலை உடைப்பாளர்களின் கைவரிசை’ என்று எழுதுவதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். சுரண்டிய கோடுகளும் கண்ணைக் குறிவைத்த குத்துகளும் பகையைக் காட்டலாம். அப்போதும் சுரண்டப்பட்டது சாத்தானின் முகம் என்றால் அது பக்தியின் வேலை. ஈரத்தில் கலைந்து பரவிய வண்ணமோ உதட்டையும் விரலையும் நினைவூட்டுகிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் எகர்ட்டன் 1821 என்ற எண்ணில் ஒரு சிறு மன்றாட்டுப் புத்தகம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. திறந்தால் சொற்கள் இல்லை: கறுப்புப் பூசிய பக்கங்களில் குருதித் துளிகள் வழிகின்றன, அடுத்துச் சிவப்புப் பூசிய பக்கங்கள் முழுவதும் நூற்றுக்கணக்கான காயங்களாக நிறைந்திருக்கின்றன. தாளைப் புரட்டுகிற கை அந்த உடலின் தோலைத்தான் புரட்டுகிறது. இத்தகைய தடயங்களை அளக்கவும் வழி இருக்கிறது. கேத்ரின் ரூடி என்ற ஆய்வாளர், பக்க ஓரங்களில் படிந்த விரலழுக்கின் அடர்த்தியைக் கருவி கொண்டு அளந்து, ஒரு புத்தகத்தின் எந்த மன்றாட்டு அதிகம் வாசிக்கப்பட்டது என்று காட்டினார். நூலின் உரிமையாளர் எதை மதித்ததாகச் சொல்லிக்கொண்டார் என்பதைவிட அவருடைய கட்டைவிரல் எங்கே தங்கியது என்பது நம்பத்தக்க சாட்சி.

தொடுகையைப் பற்றிப் பேசும்போது தோமையாரையும் மகதலா மரியாவையும் இழுக்காதவர் இல்லை; அங்கேயும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. உன் கையை என் விலாவில் இடு என்று உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர் தோமையாரை அழைக்கிறார். அவர் இட்டாரா என்பதை நற்செய்தியாளர் யோவான் சொல்லவில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் விரலைக் காயத்துக்குள் நுழைத்தே காட்டி, சொல்லப்படாததைச் சொல்லிவிட்டார்கள். உயிர்த்தவரைக் கண்ட மகதலா மரியாவுக்குக் கிடைத்த பதிலோ மறுப்பு. நமது பழைய வேதாகமத்தில் அது ‘என்னைத் தொடாதே’ என்று இருக்கிறது; கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் மொழிபெயர்ப்பில் பற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற பொருளில் வருகிறது. கிரேக்க மூலம் இரண்டுக்கும் இடம் தருகிறது. லத்தீன் வாசகம் ‘தொடாதே’ என்பதோடு நின்றதால், கைகள் ஒன்றையொன்று எட்டாமல் நிற்கும் அந்த இடைவெளியையே மேற்கத்திய ஓவியர்கள் மீண்டும் மீண்டும் வரைந்தார்கள். தோமையாருக்குக் கிடைத்தது மரியாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பெண் துறவியர் மடங்களில் யாரேனும் கேட்காமலா இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் காட்சியகத்தில் உள்ள, லக்சம்பர்க் இளவரசி போன் வைத்திருந்த மன்றாட்டுப் புத்தகம் 1349க்கு முன் செய்யப்பட்டது. கையில் அடங்கும் அளவுதான். அதன் ஒரு பக்கத்தில் உடல் இல்லாமல் விலாக்காயம் மட்டும், நிமிர்ந்த இலைவடிவில், வரையப்பட்டிருக்கிறது. இன்றைய கண்ணுக்கு அது பெண்ணுறுப்பாகத் தெரிகிறது. உடனே இதை மறைக்கப்பட்ட காமமாகக் கருதுவோர் ஒரு பக்கம், அப்படிச் சொல்வதே அவதூறு என்போர் மறுபக்கம். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வந்ததுபோலக் கிறிஸ்துவின் விலாவிலிருந்து திருச்சபை பிறந்தது என்பது அக்காலத்தவர் நன்கறிந்த போதனை. அந்தப் பிறப்பை அப்படியே வரைந்த ஓவியங்களும் உண்டு. இயேசுவை ‘நம் தாய்’ என்று 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண் துறவி நார்விச்சின் ஜூலியன் தயங்காமல் எழுதினார். ஒப்புமை இருக்கிறது; அது பிள்ளைப்பேற்றை நோக்கியது.

திருச்சபை மேலிடத்துக்கு இவற்றின்மேல் கோபம் வந்த இடங்களைப் பார்த்தால், கூச்சம் காரணமாக இருந்தது குறைவு. வயிற்றைக் கதவுபோலத் திறந்தால் உள்ளே திரித்துவம் (தந்தை, மகன், தூய ஆவி) தெரியும் மாதா சுரூபங்களை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் இறையியலாளர் ழான் ஜெர்சோன் கண்டித்தார். திரித்துவம் முழுவதும் மரியாவிடம் உருவெடுத்தது என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என்பதே அவர் கவலை. 1306இல் லண்டன் ஆயர், டைடமன் என்ற ஜெர்மானியச் சிற்பி செய்த சிலுவையை அகற்றச் சொன்னதற்குக் காரணம் சிலுவையின் வடிவம் சரியில்லை என்பது. குருதி மிகுதி என்பதல்ல.

சிறு தவறுகள் சிலவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கை வடிவில் செய்த அருளிக்கப் பேழைக்குள் (புனிதரின் எச்சங்களை வைக்கும் பெட்டிக்குள்) கை எலும்புதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வேறு எலும்புகளும் இருந்திருக்கின்றன. ஆசி அளிக்கவும் நோயுற்றோரைத் தொடவும் உதவுகிற கை என்பதே அவ்வடிவத்தின் பயன். வெறும் மரமாகவோ கல்லாகவோ இன்று தெரியும் சிலைகளில் பெரும்பாலானவை வண்ணம் பூசப்பட்டவை. அசையாதவை என்றும் எண்ண வேண்டாம்: ஸ்பெயினின் பர்கோஸ் பேராலயத்திலுள்ள பாடுபட்ட சுரூபம் விலங்குத் தோல் போர்த்தி, முடி வைத்து, கைகள் மடங்கும்படி செய்யப்பட்டது. இவ்வாறு கை மடங்கும் சுரூபங்களைப் புனித வெள்ளியன்று ஆணி கழற்றி இறக்கிக் கல்லறையில் கிடத்த முடியும். எழுத்தறியாதவர்களுக்குப் படமே புத்தகம் என்று 600இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்செய் ஆயருக்கு எழுதியதை எல்லாவற்றுக்கும் விளக்கமாக நீட்டுவதும் ஆகாது. போனின் புத்தகம் எழுத்தறிந்தவருடையது.

காட்சிகளையும் கலைப்பொருள்களையும் பிரித்து வைப்பது இன்னொரு பிழை. 1373 மே மாதம், முப்பது வயதில், ஜூலியன் சாகக் கிடந்தார். குரு ஒரு பாடுபட்ட சுரூபத்தைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே வைத்தார். அறை இருண்டது, சுரூபம் மட்டும் வெளிச்சத்தில் நின்றது. பிறகு முள்முடிக்கு அடியிலிருந்து குருதி வழியத் தொடங்கியது. பெருமழைக்குப் பின் கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர்போல அது எண்ண முடியாமல் விழுந்தது என்றும், நெற்றியில் பரவும்போது ஹெர்ரிங் மீனின் செதில்போல வட்டமாக இருந்தது என்றும் அவர் எழுதுகிறார். கண்முன் நின்றது கைவினைஞர் ஒருவர் செய்த பொருள். அதில் அவர் கண்டதைச் சொல்ல உதவியவை கூரையும் மீனும். உடற்கண்ணால் கண்டது, அறிவில் உருவான சொல், ஆவியில் கண்டது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லும் கவனமும் அவரிடம் இருந்தது. நாம்தான் அதைக் கலந்துவிடுகிறோம். ஜெர்மனியின் மெடிங்கன் மடத்துத் துறவி மார்கரேத்தா எப்னருக்கு 1344இல் வியன்னாவிலிருந்து தொட்டிலும் குழந்தை இயேசு சுரூபமும் வந்தன. அதை எடுத்து அணைத்துப் பாலூட்டுவதாக உணர்ந்ததை அவரே பதிந்திருக்கிறார்.

லண்டனின் வெல்கம் தொகுப்பில் 632 என்ற எண்ணுள்ள சுருள் 1500ஐ ஒட்டியது. நீளம் 3 மீட்டருக்குமேல், அகலம் 10 செ.மீ. ஆணிகளும் விலாக்காயமும் வரைந்த அந்தத் தோல்சுருளைப் பிரசவ வேளையில் பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள் என்று கருதப்பட்டு வந்தது. படங்கள் பல இடங்களில் தேய்ந்திருக்கின்றன. 2021இல் வெளியான ஆய்வு அதன் மேற்பரப்பிலிருந்து நுண்துகள்களை எடுத்துச் சோதித்தபோது, பெண்ணின் பிறப்புவழித் திரவத்தோடு ஒத்த மனிதப் புரதங்கள் கிடைத்தன. அவற்றோடு தேன், பால், தானியம், பருப்பு ஆகியவற்றின் தடயங்களும் இருந்தன.