இரவல் எஞ்சினை இறக்குவது எப்படி? 1969 கமாரோவுக்கு ஒரு செய்முறை

1969 செவர்லே கமாரோ எஸ்எஸ் காரின் அசல் 350 எஞ்சினை மெஷின் பட்டறைக்கு அனுப்பினால், திரும்பி வரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை காரை ஷெட்டில் முடக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடாத காரில் பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும், சீல்கள் காய்ந்துபோகும். அதுவரை தற்காலிகமாக வேறோர் எஞ்சினை, அதாவது ஓர் இரவல் எஞ்சினை, வாங்கி வைத்து ஓட்டுவதே காருக்கு நல்லது. ஆனால் அந்த எஞ்சினுக்காகக் காரில் ஓர் ஓட்டைகூடப் போடக் கூடாது, ஒரு வயரைக்கூட வெட்டக் கூடாது. அசல் எஞ்சின் வந்ததும் எல்லாம் பழையபடி உட்கார வேண்டும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுத்தல்

350 கன அங்குல எஞ்சின் 1967 கமாரோவில்தான் முதலில் வந்தது. பிறகு செவர்லே பிக்கப் வண்டிகளிலும் ஏராளமாகப் பொருத்தப்பட்டதால், அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் இன்றும் கிடைக்கிறது. நீங்கள் தேட வேண்டியது 1969 முதல் 1979 வரையான எஞ்சின். 1980 முதல் ஆயில் அளவுக் குச்சி மறுபக்கத்துக்குப் போய்விட்டது. உங்கள் ஆயில் பேன் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அதில் சேராது. 1986 முதல் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்புற சீலும், அதன் பின்முனையில் பொருத்தும் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற தட்டின் போல்ட் துளை அமைப்பும் மாறிவிட்டன.

வாங்கும் முன் எட்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம்.

அசல் எஞ்சினைக் கழற்றுதல்

முதலில் கேமராவை எடுங்கள். வயர், ஹோஸ், கேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கூலன்ட் இனிக்கும் நஞ்சு. நாய், பூனை நக்கிவிடாதபடி பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். பானெட் கீலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, இருவராக அதை இறக்குங்கள். பிறகு ரேடியேட்டர், கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர். டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவைத்தால் எஞ்சின் அசையும்போது பின்சுவரில் இடித்து உடையும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் காரிலேயே இருக்கட்டும். அதன் முன்பகுதிக்கு ஜாக் கொடுத்து, எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் மூன்று போல்ட்டுகளையும் கழற்றி, கன்வர்ட்டரைப் பின்னால் தள்ளி ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்கூடு), மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடி), சைலன்சர் குழாய் போல்ட்டுகளும் போனபின் எஞ்சினை நேராக முன்னால் இழுத்து, அதன்பிறகே மேலே தூக்க வேண்டும். எடை ஏறத்தாழ 260 கிலோ. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் கை, கால் நீட்டக் கூடாது.

பட்டறைக்கு அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், பிளாக்கில் (எஞ்சினின் முக்கிய வார்ப்பில்) கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் தெரியும். பிசுக்கைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எஞ்சின் தயாரான நாளும் குறியீடும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். காரின் வரிசை எண்ணின் சுருக்கம் அங்கேயோ ஆயில் ஃபில்டர் அருகிலோ இருக்கும். இந்தக் கார் இந்த எஞ்சினோடுதான் பிறந்தது என்பதற்கு இவைதான் சாட்சி. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது அந்த எழுத்துகளும் போய்விடும், போனால் திரும்பாது. தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, “இந்த இடத்தைத் தொடக் கூடாது” என்று பட்டறையில் எழுத்தில் கொடுங்கள்.

இரவல் எஞ்சினைப் பொருத்துதல்

எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு, மவுண்ட், புல்லி, ஆயில் பேன், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை அசல் எஞ்சினிலிருந்து இதற்கு மாற்றுங்கள். பிக்கப்பின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். உங்கள் காரின் இக்னிஷன் வயரோ மின்தடை உள்ளது. அதனால் பழைய பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரே போதும்.

இனி கன்வர்ட்டர். பட்டையை அவிழ்த்து, அதைச் சுழற்றியபடி உள்ளே தள்ளிப் பாருங்கள். அது ஷாஃப்டுகளிலும் கடைசியாக பம்ப்பிலும் பொருந்தி உட்கார வேண்டும். உட்காரும்போது கைக்கே தெரியும். எஞ்சினை நெருக்கியதும் பெல் ஹவுசிங் கை அழுத்தத்திலேயே பிளாக்கோடு ஒட்ட வேண்டும். அப்போது கன்வர்ட்டர் தாராளமாகச் சுழலும். அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒட்டவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். அப்படி இழுத்த ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடைந்து, கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்க நேர்ந்தது.

இன்டேக் மானிஃபோல்டிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயையும் மாட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும்.

முதல் ஸ்டார்ட்

பல மாதம் கிடந்த எஞ்சினை உலர்ந்த நிலையில் சுற்றக் கூடாது. புது ஆயில் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகப் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பிரைமிங் கம்பியை இறக்கி, டிரில்லால் வலஞ்சுழியாகச் சுழற்றுங்கள். பிரஷர் கேஜில் முள் எழும்பினால் பம்ப் வேலை செய்கிறது.

பிறகு முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து கிராங்க்கைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும்போது டைமிங் குறி பூஜ்யத்தில் நிற்கும்படி நிறுத்தி, உள்ளே சுழலும் ரோட்டர் ஒன்றாம் வயரைப் பார்க்க டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள். மற்ற வயர்கள் வலஞ்சுழியாக 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் (இந்தக் காரில் இடப்பக்கம்) ஒற்றைப்படை சிலிண்டர்கள், மறுபக்கம் இரட்டைப்படை.

ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஏறினால், எஞ்சின் சூடானபின் டைமிங் லைட்டால் சரிபார்த்து, கியரை ‘பார்க்’ (P) நிலையில் வைத்து கியர் ஆயில் அளவையும் பாருங்கள். முதல் நாள் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். திரும்பியதும் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள்; எங்கிருந்து சொட்டுகிறது என்பது காலையில் அதிலேயே தெரியும்.