பீச் ரிசார்ட்ல போய் இறங்கினதும் என்ன செய்யணும்? முதல் தடவை போறவங்களுக்கு

ரிசார்ட் புக் பண்றதுக்கு ரிவ்யூ எல்லாம் படிச்சு வாரக்கணக்கா மெனக்கெடுறவங்க கூட, போய் இறங்கினதும் பையை கட்டில்ல தூக்கிப் போட்டுட்டு நேரா தண்ணிக்கு ஓடிடுவாங்க. கண்ணு முன்னாடி கடல் தெரியும்போது யாருக்குத்தான் கால் நிக்கும்! ஆனா முதல் ரெண்டு மணி நேரத்தை நிதானமா செலவழிச்சா மீதி நாள் பூரா நிம்மதியா இருக்கலாம், குழந்தைங்களோ வயசானவங்களோ கூட வந்திருந்தா இது இன்னும் முக்கியம்.

1. கைப்பை தனியா

பொதுவா ரூம் சாவி மத்தியானம் 2 இல்ல 3 மணிக்குத்தான் தருவாங்க. முன்னாடியே போய்ட்டா பெரிய பையை ரிசப்ஷன்ல குடுத்து வச்சுக்கலாம், ஆனா அதுக்கப்புறம் மாத்துத் துணி எடுக்க லாபில உக்காந்து பெட்டியைத் திறக்குற மாதிரி ஆயிடும். அதனால நீச்சல் டிரஸ், சன்ஸ்கிரீன், மருந்து, சார்ஜர் இதெல்லாம் கெளம்பும்போதே ஒரு சின்னப் பையில தனியா வச்சுக்கோங்க. ரூம் வர்ற வரைக்கும் நீச்சல் குளத்தை யூஸ் பண்ணலாமான்னு கேளுங்க, நிறைய இடத்துல விடுவாங்க.

2. ரிசப்ஷன்ல

டெபாசிட்டுக்குன்னு கார்டு கேப்பாங்க. அந்தத் தொகையை எடுக்க மாட்டாங்க, ஹோல்டுல வைப்பாங்க, நீங்க ரூமை காலி பண்ணதுக்கப்புறம் சில நாள்ல அது விடுபடும். டெபிட் கார்டு குடுத்தா அதுவரைக்கும் உங்க சொந்தக் காசு மாட்டிக்கும், அதனால முடிஞ்சா கிரெடிட் கார்டு குடுங்க. எந்தெந்த சாப்பாடு ரேட்ல சேந்தது, பீச் துண்டு எங்க கிடைக்கும், லைஃப்கார்டு (குளிக்கிறவங்களைக் காப்பாத்த கரையில காவல் நிக்கிறவங்க) எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு, இந்த நாலையும் அங்கயே கேட்டுடுங்க.

3. ரூமுக்குள்ள, பெட்டியைத் திறக்குறதுக்கு முன்னாடி

பையை கட்டில் மேலயோ கார்ப்பெட் மேலயோ வைக்காதீங்க, பாத்ரூம் டைல்ஸ் மேல வைங்க. காரணம் மூட்டைப்பூச்சி. எவ்ளோ காஸ்ட்லியான ரிசார்ட்டா இருந்தாலும் அது வரலாம், ஏன்னா அது தங்க வர்றவங்க பையில ஏறித்தான் வருது. பெட்ஷீட்டை ஒரு மூலையில தூக்கி, மெத்தையோட தையல் ஓரத்தை போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. பேனா மையை தொட்டு வச்ச மாதிரி கருப்புப் புள்ளிங்க, துருப்பிடிச்ச கலர்ல கறை, உரிச்ச தோல் இதுல ஏதாவது தெரிஞ்சா வேற ரூம் கேளுங்க, அதுவும் ஒட்டின பக்கத்து ரூம் வேண்டாம். ஏசி, வெந்நி, ஃபிளஷ், கதவுத் தாழ்ப்பாள் இதையும் அப்பவே போட்டுப் பாத்துடுங்க, ஏன்னா சாமானெல்லாம் பரப்பினதுக்கப்புறம் ரூம் மாத்துறது பெரிய தலைவலி.

சின்னப் பசங்க இருந்தா பால்கனியில கைப்பிடி ஓரமா கிடக்குற சேர், டேபிளை உள்ள இழுத்துப் போட்டுடுங்க, அதுல ஏறி எட்டிப் பாக்க அவங்களுக்கு ஒரு நொடி போதும். லாக்கர்ல சாமான் வைக்கிறதுக்கு முன்னாடி, கதவைத் திறந்து வச்சுக்கிட்டே நம்பர் போட்டுப் பூட்டி, திறக்குதான்னு பாருங்க. தீப்பிடிச்சா வெளியேற வழி தெரியணும், அதனால ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற மேப்பைப் பாத்து, படிக்கட்டு வரைக்கும் ஒரு தடவை நடந்துட்டு வந்துடுங்க.

4. இப்போ கடல்

உடனே இறங்காதீங்க. மொதல்ல கொடியைத் தேடுங்க. சிவப்பும் மஞ்சளும் சேந்த கொடி ரெண்டு இடத்துல நட்டிருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் லைஃப்கார்டு கண்காணிப்புல குளிக்கலாம்னு அர்த்தம். முழு சிவப்புன்னா இறங்க வேண்டாம், ரெண்டு சிவப்புன்னா கடல் மூடியாச்சு. ஊதா கலர்ன்னா ஜெல்லி மீன் மாதிரி கொட்டுற உயிருங்க இருக்கு. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்ங்கறதால அங்க உள்ள போர்டையும் படிங்க. கொடியே இல்லைன்னா அது பத்திரமான இடம்னு நினைச்சுடாதீங்க, காவலுக்கு ஆளே இல்லாம கூட இருக்கலாம்.

அப்புறம் கொஞ்சம் மேடான எடத்துல நின்னு ஒரு 10 நிமிஷம் அலையை மட்டும் பாருங்க. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையும்போது நடுவுல ஒரு பட்டை மட்டும் அலை உடையாம, தண்ணி கொஞ்சம் கருப்பா, நுரையெல்லாம் கடல் பக்கமா போய்ட்டே இருந்தா அதுதான் ரிப் கரண்ட், அதாவது கரையிலிருந்து கடலுக்குள்ள இழுக்குற நீரோட்டம். பாக்க அமைதியா இருக்குன்னு புதுசா வர்றவங்க அங்கதான் குழந்தைங்களை இறக்குவாங்க, நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்காகத்தான். வேகமான ரிப் கரண்ட் நொடிக்கு ரெண்டரை மீட்டர் வரைக்கும் இழுக்கும், நீச்சல் வீரரே அதை எதுத்து வர முடியாது. அது ஆளை அடியில அமுக்காது, கடலுக்குள்ள இழுத்துட்டுத்தான் போகும், அதனால மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நேரா நீந்தி தெம்பை வீணாக்காதீங்க. மிதங்க, கையைத் தூக்கி ஆள் கூப்பிடுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு வெளிய வந்து அப்புறம் கரைக்கு வாங்க. இதை குழந்தைங்களுக்கு ரூம்லயே சொல்லிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க.

பெரும்பாலான கடற்கரையில தண்ணி ஏறி முடிச்சு வத்துறதுக்கு சுமார் 6 மணி நேரம் ஆகும், அமாவாசை பௌர்ணமி சமயத்துல ஏத்தமும் வத்தமும் அதிகமா இருக்கும். காலைல நடந்து போன பாறை ஓரம் மத்தியானம் தண்ணிக்குள்ள போயிருக்கலாம், அதனால தண்ணி ஏறி வத்துற நேரத்தைப் பாத்துட்டு நடக்கப் போங்க. நிலம் பலமா இல்ல ரொம்ப நேரம் ஆடினாலோ, கடல் திடீர்னு பின்வாங்கினாலோ வேடிக்கை பாக்காம உடனே மேட்டுக்கு ஓடிடுங்க, சுனாமி அறிவிப்பு வரட்டும்னு காத்திருக்காதீங்க.

5. வெயிலும் உப்பும்

சன்ஸ்கிரீன் 30 எஸ்பிஎஃப் இல்ல அதுக்கு மேல, வெளிய போறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே தடவிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணிய விட்டு வெளிய வந்ததும் திரும்பத் தடவுங்க. ஏசி ரூம்ல இருந்த கேமராவை வெளிய கொண்டு வந்ததும் லென்ஸ்ல ஆவி படியும், பையை விட்டு எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தா படியாது. உப்புத்தண்ணி பட்ட கண்ணாடி, வாட்ச், ஜிப் எல்லாத்தையும் அன்னன்னைக்கே நல்ல தண்ணியில அலசிடுங்க. ஈரத் துணியை பால்கனியில காயப்போட்டா கிளிப் போடுங்க, கடல்காத்துக்கு ஒரு துண்டெல்லாம் நிக்காது.