ஒழுங்கற்ற ஷிஃப்டுகளின் மொத்த வேலை நேரத்தைக் கணக்கிடும் முறை

ஷிஃப்ட் நேரங்களைக் கூட்டும்போது பிழை பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் நுழைகிறது. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதை மறந்து, 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுகிறோம். எல்லா நேரத்தையும் முதலிலேயே நிமிடங்களாக மாற்றி, கடைசி வரியில் மட்டும் மணிக்குத் திரும்பினால் இந்தச் சிக்கல் எழாது.

முதலில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஊதியமில்லாத இடைவேளை ஆகிய மூன்றையும் 24 மணி நேர முறையில் அன்றன்றே குறித்து வையுங்கள். ஊதியத்துடன் கூடிய இடைவேளையைக் கழிக்கக் கூடாது. அதனால் அதைக் குறிக்கத் தேவையில்லை.

அடுத்து, மணியை 60-ஆல் பெருக்கி அதனுடன் நிமிடத்தைக் கூட்டுங்கள். திங்களன்று 08:50 முதல் 17:20 வரை வேலை, 45 நிமிட இடைவேளை என்றால், 1040-இலிருந்து 530 போக 510. இடைவேளையும் போக 465 நிமிடம்.

நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புதனன்று 22:15-க்குத் தொடங்கி மறுநாள் 06:40-க்கு முடிந்தால், தொடக்கம் 1335, முடிவு 400. முடிவு சிறிய எண்ணாக இருப்பதால் அதனுடன் ஒரு நாளின் 1440 நிமிடங்களைக் கூட்டி, 1840-இலிருந்து 1335-ஐக் கழித்தால் 505 வரும். 20, 15 நிமிட இடைவேளைகள் இரண்டையும் நீக்கினால் 470. இடைவேளையே 23:50 முதல் 00:20 வரை நீண்டாலும் இதே விதிதான்.

வெள்ளியன்று வேலை 06:30–10:10, 15:45–19:30 என இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு வரிகளாக எழுதுங்கள்: 220, 225, ஆக 445. நடுவில் உள்ள ஓய்வை இடைவேளையாகவும் குறித்தால் அது இருமுறை கழிந்துவிடும். சனிக்கிழமை 13:05–18:00, 10 நிமிட இடைவேளை போக 285.

நான்கு நாள்களும் சேர்ந்து 1665 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 27 மணி 45 நிமிடம். ஊதியத்தைப் பெருக்க வேண்டிய எண் 27.75. அதை 27.45 என்று எழுதினால் 18 நிமிட உழைப்புக்குக் கூலி கிடைக்காது, நான்கு நாள்களின் 7 மணி 45, 7 மணி 50, 7 மணி 25, 4 மணி 45 நிமிடங்களை 7.45, 7.50, 7.25, 4.45 என்று தொடக்கத்திலிருந்தே தவறாகக் கூட்டியிருந்தாலோ 26.65 வந்து, ஒரு மணிக்கும் மேலான நேரம் காணாமல் போயிருக்கும்.

எக்செலில் செய்பவர்களுக்கு, முடிவு நேரம் சிறியதாக இருந்தால் 1440-க்குப் பதிலாக 1-ஐக் கூட்ட வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு முழு நாள் என்பது 1. கூட்டுத்தொகை 3:45 என்று தெரிந்தால் பதற வேண்டாம். 24 மணி நேரம் கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, கணக்கு சரிதான். கட்டத்தின் வடிவமைப்பில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் [h]:mm என்று இட்டால் 27:45 தெரியும். ஊதியத்துக்கு அதை 24-ஆல் பெருக்கி, விடை வரும் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் 27.75 கிடைக்கும்.