பன்னிரண்டு நியூரானில் ஒரு புழு

சீ. எலிகன்ஸ் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். இருபால் புழுவுக்கு 302 நியூரான்கள். எது எதோடு இணைகிறது என்ற வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டது. அத்தனையையும் கணினியில் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்கத்தான் நானும் உட்கார்ந்தேன். திரையில் 302 கோடுகளும் சேர்ந்து ஆடின. எது சரி, எது தப்பு என்று சொல்ல வழியே இல்லை.

அதனால் தொடு உணர்விலிருந்து தொடங்குங்கள். தலைப்பக்கம் மெல்லத் தொட்டால் புழு பின்னால் போகும், வால்பக்கம் தொட்டால் முன்னால் போகும். விடை தெரிந்த கணக்கு இது. ஆறு ஜோடி நியூரான் போதும்: தொடுதலை உணர ஏஎல்எம் (தலை), பிஎல்எம் (வால்), பின்னால் செலுத்த ஏவிடி, ஏவிஏ, முன்னால் செலுத்த பிவிசி, ஏவிபி.

வார்ம்அட்லஸ் தளத்தில் இணைப்பு அட்டவணை இருக்கிறது. இங்கேதான் நிதானம் வேண்டும். வரிக்கு இரண்டு நியூரான் பெயர், ஒரு வகை, ஒரு எண்ணிக்கை. எஸ் என்றால் அனுப்புவது, ஆர் என்றால் பெறுவது. ஒரே சினாப்ஸ் (ஒரு நியூரான் இன்னொன்றுக்கு வேதிப்பொருளால் செய்தி கடத்தும் இடம்) அனுப்பியவர் பெயரில் ஒருமுறையும் பெற்றவர் பெயரில் மறுமுறையும் வரும். நான் இரண்டையும் கூட்டிவிட்டு, ஒரு வாரம் எடைகளோடு, அதாவது இணைப்பின் வலிமையைக் காட்டும் எண்களோடு, மல்லுக்கட்டினேன். ஆர், ஆர்பி (பல நியூரான்கள் சேர்ந்து பெறுவது) வரிகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள். ஈஜே என்பது மின்சந்திப்பு. அதில் மின்னோட்டம் இரு பக்கமும் போகும்.

அப்புறம் பைத்தான் நிரலில் ஒவ்வொரு நியூரானுக்கும் ஒரு மின்னழுத்தம், ஓய்வில் பூஜ்யம். மில்லிநொடிக்கு ஒருமுறை அது கொஞ்சம் கசிந்து பூஜ்யத்தை நோக்கித் திரும்பட்டும். மின்சந்திப்பில் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். வேதிச் சினாப்ஸில் அனுப்புபவரின் அழுத்தத்தை எஸ் வடிவ வளைவில் போட்டு எடையால் பெருக்குங்கள். சட்டென்று சுடும் நியூரான் மாதிரி வேண்டாம். இந்தப் புழுவில் அழுத்தம் பெரும்பாலும் படிப்படியாகத்தான் ஏறி இறங்குகிறது.

அட்டவணை சொல்லாத ஒன்று உண்டு: இணைப்பு தூண்டுகிறதா, அடக்குகிறதா? ஏஎல்எம் மின்சந்திப்பு வழியே ஏவிடியைத் தூண்டி, வேதி வழியே பிவிசியையும் ஏவிபியையும் அடக்குகிறது என்று கருதுகிறார்கள். வாலில் இதன் நேர்மாறு. அந்த வேதி எடைகளுக்குக் கழித்தல் குறி போடுங்கள். கூட்டல் போட்டுப் பாருங்கள், தலையைத் தொட்டதும் ஏவிஏயும் ஏவிபியும் சேர்ந்தே ஏறும். புழு இரு திசைக்கும் இழுபடும்.

சரி, இப்போது பிவிசி ஜோடியை நீக்கிவிட்டு வாலைத் தொடுங்கள். 1985-இல் உயிரியலாளர் மார்ட்டின் சால்ஃபியும் உடனிருந்தவர்களும் லேசரால் நியூரான்களைச் சுட்டுத்தான் இந்தச் சுற்றைக் கண்டறிந்தார்கள். பிவிசி போன புழு வால் தொடுதலுக்கு முன்னால் ஓடவில்லை. உங்கள் திரையிலும் ஏவிபி ஏறாமல் கிடக்க வேண்டும்.