அடைவு நகை மீட்ட கணக்கு

வங்கியில் காப்பை அடைவு (அடகு) வைத்து, வருசா வருசம் வட்டியை மட்டும் கட்டி அதைப் புதுப்பித்தால் முதல் அப்படியேதான் நிற்கும். ஒரு இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 12 வீதம் என்றால் 12,000 ரூபா போய்விடும், காப்பு வங்கியிலேயே கிடக்கும். பவுன் விலை ஏறினால் அதே காப்புக்குக் கூடக் காசு தருவார்கள். அதை வாங்காதேயுங்கோ, கடன்தான் கூடும்.

நான் மாற்றியது இதுதான்: சம்பளம் விழுந்த மறுநாளே 5,000 ரூபா பகுதியாகக் கட்டுவது. அந்த ஒரு இலட்சக் கடனில் முதல் மாதம் 1,000 வட்டிக்கு, 4,000 முதலுக்கு. இப்படியே போனால் 23ஆம் மாதம் காப்பு கைக்கு வரும். நல்லூர்த் திருவிழாச் செலவு வந்தாலும் அந்த 5,000 தவறக்கூடாது.

பகுதியாகக் கட்டலாமா என்று வைக்கும்போதே கேளுங்கோ. ஒவ்வொரு நகைக்கும் தனி அடைவுச் சீட்டு எடுங்கோ. ஒரே சீட்டென்றால் முழுக்கடனும் தீரும்வரை சின்ன மோதிரம்கூட வெளியே வராது.