வீட்டில் ஒருவர் காலமானால்: முதல் மணி நேரம் தொடங்கி கருமாதி வரை செய்ய வேண்டியவை

வளைகாப்பு, பெயர் சூட்டல், காது குத்து, திருமணம் என வாழ்நாள் சடங்குகள் அனைத்திற்கும் நாள் குறித்து, பந்தல் போட்டு, உறவினரை அழைத்து ஆயத்தமாக அவகாசம் இருக்கிறது. இறுதிச் சடங்கு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளைகள் திகைத்து நிற்பதையும், மூத்தவர்கள் ஆளுக்கொரு முறையைச் சொல்லிச் சச்சரவு எழுவதையும் பல துக்க வீடுகளில் காண்கிறோம். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பரவலாக உள்ள வழக்கத்தை அடியொற்றி இங்கு எழுதுகிறேன். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறைகள் மாறும் என்பதால், குடும்ப வழக்கத்தை நன்கறிந்த பங்காளி ஒருவரைத் தொடக்கத்திலேயே பொறுப்பாக்கி, அவர் சொல்வதே முடிவு என்று மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது மிகவும் அவசியம்.

உயிர் பிரிந்த நேரத்தை உடனே ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும். ஆண்டுதோறும் கொடுக்கும் திதி இந்த நேரத்தை வைத்தே கணிக்கப்படுகிறது; ஒரு திதி நடுப்பகலில் முடிந்து அடுத்தது தொடங்கக்கூடும் என்பதால், தேதி மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வீட்டில் நேர்ந்த இறப்பானால் மருத்துவரை வரவழைத்து, இறப்பை உறுதிசெய்து, காரணத்தைக் குறிப்பிட்ட சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சுடுகாட்டிலும் பின்னர் பதிவு அலுவலகத்திலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும் என்பதால், கண்களை மூடி, கை கால்களை நேராக்கி, தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டி, இரு கால் பெருவிரல்களையும் இணைத்துக் கட்டுவதைத் தாமதிக்கக் கூடாது. பிறகு தெற்கே தலை வைத்துக் கிடத்தி, நெற்றியில் திருநீறோ திருமண்ணோ இட்டு, தலைமாட்டில் விளக்கேற்றி, படியில் நெல் நிரப்பி வைப்பார்கள். கண் தானம் செய்வதாக இருந்தால் 6 மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அதுவரை மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் கருவிழி உலராது. இதனால் சடங்கு எதற்கும் குறை வராது என்பதைத் தயங்கும் பெரியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

உடல் எடுக்கும் நாளில் முதலில் நடப்பது நீர்மாலை. கொள்ளி வைப்பவரும் பங்காளிகளும் சங்கும் சேகண்டியும் ஒலிக்கக் கிணற்றடிக்கோ ஆற்றுக்கோ சென்று, குளித்து ஈர வேட்டியோடு குடத்தில் நீர் கொண்டுவர, அந்த நீரால் உடலைக் குளிப்பாட்டுவார்கள். இறந்தவர் பெண்ணானால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்து சேரும் வரை காத்திருப்பது வழக்கம். அந்த வீட்டாருக்குத் தகவல் சொல்வதில் தாமதம் நேர்ந்தால் மனத்தாங்கல் நெடுநாள் நிற்கும். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவர, உறவினர் அனைவரும் வாய்க்கரிசி இடுவார்கள். சைவ மரபைப் பேணும் குடும்பங்களில், ஈழத்தில் குறிப்பாக, உரலில் சுண்ணம் இடித்தபடி திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணப் பதிகத்தை ஓதுவார்கள். பாடத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நன்று.

தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது பல சமூகங்களின் வழக்கம். மகன் இல்லாவிட்டால் பங்காளிப் பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மகள் கொள்ளி வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, இன்று பல ஊர்களில் மகள்கள் வைக்கவும் செய்கிறார்கள். சுடுகாட்டு வாயிலில் அரிச்சந்திரன் கல்லின் முன் பாடையை இறக்கி வைத்து, அனுமதி கேட்டு, பிறகே உள்ளே செல்வார்கள். கொள்ளி வைப்பவர் தோளில் நீர் நிறைந்த மண்குடத்தோடு சிதையைச் சுற்றும்போது, பின்னால் வருபவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளையிட, நீர் பீறிட்டுத் தரையை நனைத்துக்கொண்டே வரும். மூன்றாம் சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, சிதைக்கு முதுகு காட்டி நின்று தீ வைத்து, திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். இறந்தவருக்கு இதயமுடுக்கிக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், தீயில் அது வெடிக்கும் என்பதால், மருத்துவரைக் கொண்டு முன்பே அகற்றிவிட வேண்டும். குழந்தைகளையும் துறவிகளையும் எரிக்காமல் அடக்கம் செய்வதே மரபு.

மறுநாளோ மூன்றாம் நாளோ காடாத்து. சாம்பலில் பாலும் இளநீரும் தெளித்து ஆற்றி, காலிலிருந்து தொடங்கித் தலை வரை எலும்புகளைப் பொறுக்கிப் புதுக் கலயத்தில் சேர்ப்பார்கள். எரிவாயு தகன மேடையில் அன்றே சாம்பலைக் கொடுத்துவிடுவதால், நகரங்களில் இந்தச் சடங்கு சுருங்கிவிட்டது. பால் தெளிப்பதையாவது விடாமல் செய்வது மனத்திற்கு ஆறுதல் தரும் என்பது என் எண்ணம். அஸ்தியைப் பவானி கூடுதுறையிலோ, திருவரங்கம் அம்மா மண்டபத்திலோ, இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலோ கரைக்கலாம்.

கருமாதியைப் பெரும்பாலோர் 16-ஆம் நாளில் செய்கிறார்கள். பிராமணக் குடும்பங்களில் 10-ஆம் நாளில் தொடங்கி 13-ஆம் நாள் சுபத்தோடு நிறைவுறும். கல் நட்டுப் பிண்டம் வைத்துப் படைத்து, கல்லெடுத்து நீரில் விட்ட பிறகு, தாய்மாமன் வீட்டார் கொள்ளி வைத்தவருக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். கணவரை இழந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவே அமர்த்தி, வளையல் உடைத்துத் தாலி வாங்கும் வழக்கமும் இந்த நாட்களை ஒட்டியே வருகிறது. இதை நான் சடங்காக ஏற்கவில்லை. துயரத்தில் இருப்பவளை மேலும் நோகடிக்கும் செயல் அது. தாலியைக் கழற்றுவதா, எப்போது, யார் முன்னிலையில் என்பதை அவரே முடிவு செய்யட்டும். பிள்ளைகள் முதல் நாளிலேயே அம்மாவிடம் தனியாகக் கேட்டு, அவர் விருப்பத்தை உறவினரிடம் உறுதியாகத் தெரிவித்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் பதிவு மறந்துபோகக் கூடாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கட்டணமும் அலைச்சலும் கூடும். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை அவர்களே தெரிவித்துவிடுவார்கள். வீட்டில் நேர்ந்ததைக் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவிலும் குடும்பத்தார்தாம் தெரிவிக்க வேண்டும். சான்றிதழில் இடம்பெறும் பெயர் ஆதார், வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் ஆகியவற்றில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பதிவின்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது ஓர் எழுத்துப் பிழைகூட மாதக்கணக்கில் அலைய வைத்துவிடும்.