வீட்டு டே கேரும் குழந்தையின் நேர ஒழுங்கும்: இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதமே ஆகியிருக்கும். பசியும் தூக்கமும் இன்னும் நிலைப்படாத அந்த வயதில், பத்து மணிக்குத் தூக்கம், பன்னிரண்டு மணிக்குப் பால் என்று அட்டவணை எழுதிக் கொடுத்து, தன் வீட்டிலேயே டே கேர் நடத்தி நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அதை இம்மி பிசகாமல் நடத்த வேண்டும் என எதிர்பார்ப்பது முதல் தவறு. கண்ணைக் கசக்கினால் தூக்கம், கையைச் சப்பினால் பசி என்று உங்கள் குழந்தைக்கே உரிய அறிகுறிகளை எழுதித் தந்தால் அவருக்கு மிகவும் உதவும்.

வீட்டில் தூளியில் இரண்டு மணி நேரம் தூங்கும் குழந்தை அங்கே பாயில் அரை மணியில் விழித்துக்கொண்டால், கவனிப்பில் குறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆட்டம் நின்றதும் விழிப்பது தூளிப் பழக்கத்தின் இயல்பு. ஆகவே, சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் தூக்கத்தைப் பாய்க்கு மாற்றத் தொடங்குங்கள். வாசனைக்காக அம்மாவின் புடவையைப் போர்த்திவிடும்படி கேட்கும் வழக்கமும் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஆபத்தானது. முகத்தருகே துணியோ தலையணையோ இல்லாமல் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

"மதியம் தூங்கவிடாதீர்கள், ராத்திரி எங்களைத் தூங்கவிடுவதில்லை" என்ற வேண்டுகோளின் பின்னால் உள்ள களைப்பு உண்மையானதுதான். ஆனால், ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இரவு பத்து மணிக்குத் தூங்கி, காலை ஆறரைக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு எட்டரை மணி நேரமே கிடைக்கிறது. மீதி இரண்டரை மணி நேரத்தையாவது பகலில் தூங்காவிட்டால் அது எப்படி ஈடாகும்? மாலை வரை நீளும் தூக்கத்தை முன்னதாக முடிக்கச் சொல்லலாம், தூக்கத்தையே மறுக்கச் சொல்லக் கூடாது.

டே கேர் நடத்துபவர்களின் பெரிய தவறு, சேர்க்கையின்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முடியாததைப் பிறகு மறைப்பது. வாசலில் நின்று "நன்றாகச் சாப்பிட்டானா?" என்று கேட்டால் "சாப்பிட்டான்" என்ற பதில்தான் வரும். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டான் என்று கேளுங்கள். அவரும் பருப்புச் சாதம் நான்கு வாய் என்றால் நான்கு வாய் என்றே நோட்டில் எழுதட்டும். அரைகுறையாகச் சாப்பிட்ட நாளைத் தெரிந்துகொண்டால்தான் இரவு உணவைச் சற்று முன்னதாகத் தர முடியும்.

பெற்றோரும் எதையும் மறைக்கக் கூடாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, காலையில் பாராசிட்டமால் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டுப் போவதை எந்தக் காரணம் கொண்டும் ஏற்க முடியாது. மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் மறுபடி ஏறும்போது, முந்தைய வேளை எப்போது, எவ்வளவு தரப்பட்டது என்பது பார்த்துக்கொள்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் அடுத்த வேளையை இரட்டிப்பாகத் தரும் ஆபத்து நேராது.